மாடி ஏறும் மாதிரி ரயில்

ஒரு கிலோமீட்டர் ரயில் பாதையை ஓர் அறைக்குள் அடக்க முடியுமா? முடியும். 87 மடங்கு சிறியதாகச் செய்தால் அது பதினொன்றரை மீட்டர் பாதையாகிவிடும். ஆனால், பதினொன்றரை மீட்டர் என்பதும் சிறிய நீளம் அன்று. நமது பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றின் பக்கச் சுவர் பெரும்பாலும் ஆறு மீட்டர்தான் இருக்கும். அப்படியானால் அம்பத்தூரையும் ஆவடியையும் இடையிலுள்ள திருமுல்லைவாயில், அண்ணனூர் நிலையங்களையும் ஓர் அறைக்குள் கொண்டுவர என்ன வழி?

நகரங்கள் கண்டுபிடித்த வழிதான் இங்கும் பயன்படுகிறது. தரையில் இடம் போதாவிட்டால் மாடி கட்டுகிறோம். சென்னை ஆற்காடு சாலையில் ஆழ்வார்திருநகருக்கும் ஆலப்பாக்கத்துக்கும் இடையே மெட்ரோ ரயிலுக்காக எழுப்பப்பட்டுள்ள தூண்களைப் பூந்தமல்லிப் பக்கத்து வாசகர்கள் பார்த்திருப்பீர்கள். அங்கே ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் தூரத்துக்கு, பூந்தமல்லிக்குச் செல்லும் தடமும் மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூருக்குச் செல்லும் தடமும் ஒரே தூண்களின்மீது மேலும் கீழுமாக அமைகின்றன. மாதிரி ரயில் அமைப்போரும் இவ்வாறே ஒரு தட்டுக்கு மேல் இன்னொரு தட்டு அமைக்கிறார்கள். ஆனால், அவர்களுடைய வண்டி கீழ்த் தட்டிலிருந்து மேல் தட்டுக்குத் தானே ஏறிச் செல்லவேண்டும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

இது ஒருவர் தனியாகச் செய்து முடிக்கும் வேலை அன்று. தச்சு, மின்சாரம், கணக்கு, ஓவியம் ஆகிய எல்லாம் இதில் கலந்துள்ளன. எனவேதான் உலகெங்கும் இது கழகங்களின் கலையாக வளர்ந்துள்ளது. லண்டனில் 1910-ஆம் ஆண்டிலேயே மாதிரி ரயில் கழகம் ஒன்று தோன்றிவிட்டது. உங்கள் பகுதியில் பத்துப் பேர் கூடி இத்தகைய கழகம் ஒன்றைத் தொடங்கினால், முதல் தண்டவாளத்தைப் பதிக்கும் முன் எவற்றைத் தெரிந்துகொள்ளவேண்டும் என்பதை இங்கே பார்ப்போம்.

எந்த அளவு?

மாதிரி ரயில்களில் மிகவும் பரவலானது எச்.ஓ. எனப்படும் அளவு. இதில் எல்லாப் பொருள்களும் உண்மையில் உள்ளதைப்போல் 87-இல் ஒரு பங்காக இருக்கும். தண்டவாளங்களுக்கு இடையே உள்ள அகலம் 16.5 மில்லிமீட்டர். இந்த எண் எப்படி வந்தது? ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள பொதுப் பாதையின் அகலம் 1,435 மி.மீ. அதை 87-ஆல் வகுத்துப் பாருங்கள், 16.5 கிடைக்கும்.

நமது அகலப் பாதையோ 1,676 மி.மீ. கொண்டது. அதை 87-ஆல் வகுத்தால் 19.3 வருகிறது. ஆகவே, கடையில் வாங்கும் தண்டவாளத்தின்மீது நம் நாட்டு ரயில் மாதிரியை ஓட்டினால், பெட்டியின் அளவு சரியாக இருந்தாலும் பாதை சற்றுக் குறுகலாகத் தோன்றும். இந்தக் குறையை ஏற்றுக்கொள்வதா, தண்டவாளத்தையும் சக்கரத்தையும் தாமே செய்துகொள்வதா என்று கழகம் முதலிலேயே முடிவு செய்யவேண்டும். தொடங்குவோருக்கு முதல் வழியே ஏற்றது.

வில்லிவாக்கத்துக்கு அருகில் 1955 அக்டோபர் 2 அன்று நேரு அவர்கள் தொடங்கிவைத்த இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையை நீங்கள் அறிவீர்கள். ஐ.சி.எஃப். என்று நாம் அழைக்கும் அந்தத் தொழிற்சாலையின் பெயராலேயே அறியப்படும் பெட்டியின் நீளம் ஏறத்தாழ 21.3 மீட்டர். எச்.ஓ. அளவில் இது இருபத்துநாலரை சென்டிமீட்டர். பன்னிரண்டு பெட்டிகள் கோத்தால் வண்டியின் நீளம் மூன்று மீட்டரை நெருங்கிவிடும். ஆறு மீட்டர் சுவரில் பாதியை ஒரு நடைமேடையே விழுங்கிவிடும்! எட்டுப் பெட்டிகள் என்றால் இரண்டு மீட்டருக்குள் அடங்கும். எனவே, நமது கழகத்தின் வண்டிக்கு எட்டுப் பெட்டிகள் என்று வைத்துக்கொள்வோம்.

உயரத்தின் விலை

இனி, கீழ்த் தட்டு தரையிலிருந்து 100 செ.மீ. உயரத்திலும் மேல் தட்டு 140 செ.மீ. உயரத்திலும் இருப்பதாகக் கொள்வோம். இடைவெளி 40 செ.மீ. இதற்குக் குறைந்தால் கீழ்த் தட்டில் கைவிட்டு வேலை செய்ய இயலாது, காட்சியும் மறைந்துவிடும். இந்த 40 செ.மீ. உயரத்தை வண்டி ஏறவேண்டும்.

இருப்புப்பாதையின் ஏற்றத்தை '50-க்கு 1' என்பதுபோல் குறிப்பிடுவார்கள். 50 மீட்டர் முன்னே சென்றால் ஒரு மீட்டர் மேலே ஏறும் என்பது அதன் பொருள். சாலையில் போகும் ஒருவருக்கு இது ஏற்றமாகவே தோன்றாது. ரயிலுக்கு அப்படியன்று. எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தின்மீது உருள்வதால் உராய்வு மிகக் குறைவு. சமதளத்தில் மெதுவாகச் செல்லும் ரயிலில் ஒரு டன் எடையை இழுக்க ஏறத்தாழ 2 கிலோ எடைக்குச் சமமான விசையே போதும். ஆனால், 100-க்கு 1 என்ற ஏற்றம் வந்தவுடன் ஒவ்வொரு டன்னுக்கும் இன்னும் 10 கிலோ விசை வேண்டியிருக்கிறது. அதாவது 2 கிலோ 12 கிலோ ஆகிவிடுகிறது; இழுக்கும் வேலை ஆறு மடங்காகிறது! உராய்வு குறைவு என்பதே ரயிலின் பலம். ஏற்றத்தில் அதுவே அதன் பலவீனமும் ஆகிறது.

மும்பைக்கும் புனேவுக்கும் இடையே போர் கணவாயில் 1863-இல் திறக்கப்பட்ட பாதையின் ஏற்றம் 37-க்கு 1. அங்கே வண்டிக்குத் துணை எஞ்சின்களைச் சேர்த்துத் தள்ளவேண்டியுள்ளது. நமது நீலகிரி ரயில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-இல் ஓடத் தொடங்கியது. அதில் ஏறத்தாழ 12-க்கு 1 என்ற ஏற்றம் உண்டு. வெறும் சக்கரத்தின் பிடிப்பை நம்பி அங்கே ஏற இயலாது. ஆகவே, பாதையின் நடுவே பற்களையுடைய தண்டவாளம் பதித்து, எஞ்சினின் பற்சக்கரத்தை அதில் கவ்வச் செய்துள்ளனர்.

பற்சக்கரமும் துணை எஞ்சினும் இன்றி ஏறவேண்டுமானால், உயரத்துக்கு உரிய விலையை நீளமாகக் கொடுக்கவேண்டும். 50-க்கு 1 என்ற ஏற்றத்தில் 40 செ.மீ. ஏற 20 மீட்டர் பாதை தேவை. ஆறு மீட்டர் அறையில் 20 மீட்டருக்கு எங்கே போவது?

சுருளும் பாதை

மலை ரயில் பொறியாளர்கள் இதற்கு விடை கண்டுள்ளார்கள். பாதையை வட்டமாகச் சுற்றிக் கொண்டுவந்து, அது முன்பு சென்ற இடத்துக்கு மேலேயே கடக்கச் செய்வது அவர்கள் கண்ட வழி. டார்ஜிலிங் மலைப் பாதையில் 1919-இல் அமைக்கப்பட்ட பதாசியா வளைவு இத்தகையது. சுவிட்சர்லாந்தின் புருசியோ என்னும் ஊரில் 1908-இல் கட்டப்பட்ட வட்டப் பாலமும் இவ்வகையே. மாதிரி ரயிலில் இதே வட்டத்தைப் பல முறை அடுக்கிவிடுகிறார்கள். பார்ப்பதற்குத் திருகாணியின் புரிபோல் இருக்கும். இதைச் சுருள்பாதை என்று அழைப்போம்.

இதன் கணக்கு எளியது. கீழ்ச் சுற்றில் ஓடும் வண்டியின் தலை மேல்சுற்றின் பலகையில் இடிக்கக் கூடாது. வண்டியின் உயரம், கை நுழையும் இடம், பலகையின் கனம் ஆகியவற்றைக் கூட்டினால் ஒரு சுற்றுக்கு 10 செ.மீ. ஏற்றம் வேண்டும். வட்டத்தின் ஆரம் 80 செ.மீ. என்றால் சுற்றளவு 503 செ.மீ. 503 செ.மீ. செல்வதற்குள் 10 செ.மீ. ஏறினால் அது ஏறத்தாழ 50-க்கு 1. நாம் விரும்பியதும் அதுவே. நான்கு சுற்றுகளில் 40 செ.மீ. ஏறிவிடலாம்.

"80 செ.மீ. ஆரம் என்றால் மூலையில் மூன்று சதுர மீட்டர் போய்விடுமே! பாதியாக்கிவிட்டால் என்ன?" என்று கழகத்தில் யாரேனும் கேட்பது உறுதி. கேட்கட்டும். அதற்கும் கணக்கே விடை சொல்லும். ஆரம் 40 செ.மீ. ஆனால் சுற்றளவு 251 செ.மீ. தான். ஆனால், 10 செ.மீ. உயரம் குறையாது; வண்டியின் தலை இடிக்குமே! எனவே, ஏற்றம் 25-க்கு 1 ஆகிவிடுகிறது. சேமித்த இடத்துக்கு ஈடாகக் கொடுத்தது என்ன?

ஓர் எடுத்துக்காட்டு எடுத்துக்கொள்வோம். எஞ்சினின் எடை 400 கிராம். அதன் பிடிப்பு எடையில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 80 கிராம். பெட்டி ஒவ்வொன்றும் 100 கிராம். அது உருள்வதற்கு இரண்டரை கிராம் விசை தேவை. சமதளத்தில் 80-ஐ இரண்டரையால் வகுத்தால் 32 பெட்டிகளை இழுக்கலாம். 50-க்கு 1 ஏற்றத்தில் எஞ்சின் தன்னைத் தூக்கிக்கொள்ளவே 8 கிராம் போய்விடுகிறது. ஒவ்வொரு பெட்டிக்கும் 2 கிராம் கூடுகிறது. மீதி 72-ஐ நாலரையால் வகுத்தால் 16 பெட்டிகள். 25-க்கு 1 ஏற்றத்தில் இதே கணக்கைப் போட்டால் 9 பெட்டிகளே வரும். இது நேர்ப் பாதையில். வளைவில் சக்கர விளிம்பு தண்டவாளத்தில் உரசுவதால் இன்னும் சில பெட்டிகள் குறையும். நமது எட்டுப் பெட்டி வண்டி 40 செ.மீ. சுருளில் பாதி வழியில் நின்று சக்கரம் சுழலும், 80 செ.மீ. சுருளில் ஏறிவிடும்.

இன்னோர் ஆபத்தும் உண்டு. சுருளில் நீண்ட வண்டி ஏறும்போது எஞ்சின் முன்னே இழுக்கிறது. பின்பெட்டிகள் பின்னே இழுக்கின்றன. இடையில் உள்ள இலேசான பெட்டி வட்டத்தின் உட்புறமாகச் சாய்ந்துவிடும். வளைவு இறுக இறுக இந்தச் சாய்வும் கூடும். உண்மை ரயிலில் உள்ள எடை மாதிரியில் இருப்பதில்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். நீளம் 87-இல் ஒரு பங்கானால் எடை அதைப்போல் மும்மடி குறைகிறது. அதாவது ஆறரை இலட்சத்துக்கு ஒரு பங்கு! 120 டன் எஞ்சினுக்கு இந்த வீதத்தில் 182 கிராம்தான் வரும். ஆகவேதான் மாதிரி எஞ்சினுக்குள் உலோகக் கட்டிகளை வைத்து எடை கூட்டுகிறார்கள்.

இதைச் சோதித்துப் பார்க்க உங்களுக்குச் சுருள் எதுவும் வேண்டாம். ஒரு மீட்டர் நீளமுள்ள பலகையில் தண்டவாளத்தைப் பொருத்தி, ஒரு முனையை 2 செ.மீ. உயர்த்துங்கள். அது 50-க்கு 1. 4 செ.மீ. உயர்த்தினால் 25-க்கு 1. பெட்டிகளுக்குப் பதிலாக எடைக்கற்களை ஏற்றி எத்தனை பெட்டிவரை எஞ்சின் இழுக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அரை நாளில் முடியும் இந்தச் சோதனை, பின்னால் பல மாத வேலையைக் காப்பாற்றும். ஏனெனில், தண்டவாளம் பதித்த பிறகு சரிவைத் திருத்துவது என்பது எல்லாவற்றையும் பிரித்து மீண்டும் கட்டுவதே ஆகும்.

கட்டும்போது கவனிக்க வேண்டியவை

சமதளத்திலிருந்து ஏற்றத்துக்குத் திடீரென்று மாறக் கூடாது. மாறினால் அந்த மடிப்பில் நீண்ட பெட்டியின் சக்கரம் தண்டவாளத்தை விட்டு எழும்பும்; இணைப்புக் கொக்கி கழன்றுவிடும். முதலில் 200-க்கு 1, பிறகு 100-க்கு 1, அதன் பிறகே 50-க்கு 1 என்று படிப்படியாக ஏறவேண்டும். உச்சியிலும் இவ்வாறே. நிலையங்களைச் சமதளத்திலேயே அமைக்கவேண்டும். இல்லையேல், நிறுத்திய பெட்டிகள் தாமே உருளும். இந்திய ரயில்வேயும் நிலைய வளாகத்தில் 400-க்கு 1-ஐவிடக் கடுமையான சரிவை விரும்புவதில்லை.

சுருளின் பலகைகளைத் தாங்க, மரை வெட்டிய இரும்புக் கம்பிகளை நிறுத்தி, ஒவ்வொரு சுற்றுக்கும் மேலும் கீழும் நட்டு போட்டு இறுக்குவது வழக்கம். நட்டைத் திருகினால் பலகை ஒரு நூலளவு ஏறும், இறங்கும். ரசமட்டம் வைத்துச் சரிபார்த்துக்கொண்டே போகலாம். இத்தகைய கம்பிகளுக்கும் தகடுகளுக்கும் அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கத்தில் இருப்போர் அதிகம் அலைய வேண்டியதில்லை.

சென்னையின் காற்று ஈரம் மிகுந்தது. ஒட்டுப் பலகையின் வெட்டிய ஓரங்கள் மழைக்காலத்தில் ஈரத்தை உறிஞ்சி உப்பும். எல்லாப் பக்கங்களுக்கும் வார்னிஷ் பூசிவிடவேண்டும். தண்டவாளமும் வெப்பத்தில் நீளும். 20 மீட்டர் பாதை, 15 டிகிரி வெப்ப உயர்வில் ஏறத்தாழ 5 மி.மீ. நீண்டுவிடும். இணைப்புகளில் சிறு இடைவெளி விட்டால் இது பிரிந்துபோகும். விடாவிட்டால் ஓரிடத்தில் பாதை வளைந்து புடைக்கும்.

மாதிரி ரயில் 12 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் ஓடுகிறது. டிஜிட்டல் முறையில் இது சற்று மாறுபடும். மின்சாரம் தண்டவாளத்தின் வழியாகவே எஞ்சினுக்குச் செல்வதால், தூரம் கூடக் கூட அழுத்தம் குறையும். ஏற்றத்தில்தான் எஞ்சினுக்கு அதிக மின்சாரம் வேண்டும். அங்கேதான் அது குறைகிறது! ஆகவே, தடித்த இரண்டு தாமிரக் கம்பிகளை அடியில் ஓடவிட்டு, ஒன்றிரண்டு மீட்டருக்கு ஒரு முறை தண்டவாளத்துடன் இணைக்கவேண்டும். வீட்டு மின்சாரமாகிய 230 வோல்ட்டை மாணவர்கள் கையாளக் கூடாது. முத்திரை பெற்ற, மூடிய மின்மாற்றியையே வாங்கிப் பயன்படுத்துங்கள்.

மணிக்கு 60 கி.மீ. வேகம் என்பது இந்த அளவில் நொடிக்கு 19 செ.மீ. எனவே, சுருளில் நுழைந்த வண்டி மேலே வெளிவர ஒன்றே முக்கால் நிமிடம் ஆகும். அந்நேரம் அது கண்ணுக்குத் தெரியாது. இதைக் குறையாகக் கருதவேண்டாம். கீழ்த் தட்டில் வில்லிவாக்கம் முதல் ஆவடிவரை அமைத்து, மேல் தட்டில் திருநின்றவூர் முதல் அரக்கோணம்வரை அமைத்தால், சுருளே இடையிலுள்ள தூரமாகிவிடும். மறைவில் தடம்புரண்டால் என்ன செய்வது? 160 செ.மீ. விட்டமுள்ள சுருளின் நடுவே ஓர் ஆள் நுழைந்து நிற்கலாம். அகன்ற வட்டத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

ஒப்பந்தமே அடித்தளம்

மரமும் மின்சாரமும் தவிர, கழகத்துக்கு இன்னொன்று தேவை. அது எழுதிவைத்த ஒப்பந்தம்.

நம் வீடுகளில் ஓர் அறையை ரயிலுக்கென்று ஒதுக்க யாரால் முடியும்? ஆனால், 120 செ.மீ. நீளமும் 60 செ.மீ. அகலமும் உள்ள ஒரு பலகை கட்டிலின் அடியில் அடங்கும். ஒவ்வோர் உறுப்பினரும் இத்தகைய ஒரு துண்டைத் தம் வீட்டிலேயே செய்யலாம். ஒருவர் அம்பத்தூர் நிலையத்தையும், ஒருவர் ஏரிக்கரையையும், ஒருவர் ஆவடிப் பணிமனையையும் செய்யட்டும். விடுமுறை நாளில் பள்ளிக் கூடத்தில் அவற்றைக் கொண்டுவந்து இணைத்தால் முழுப் பாதை உருவாகும். சுருள் மட்டும் கழகத்தின் பொதுச் சொத்தாக இருக்கட்டும்.

ஆனால், துண்டுகள் பொருந்த வேண்டுமே! பலகையின் விளிம்பிலிருந்து தண்டவாளம் எத்தனை மி.மீ. தள்ளி இருக்கும்? தரையிலிருந்து எத்தனை உயரம்? எந்த நிறக் கம்பி எந்தத் தண்டவாளத்துக்கு? மிகக் கடுமையான சரிவு எவ்வளவு? மிக இறுக்கமான வளைவு எவ்வளவு? இந்த ஐந்து கேள்விகளுக்கும் விடையை ஒரே தாளில் எழுதி எல்லாரும் கையெழுத்திடவேண்டும். அமெரிக்காவில் 1935-இல் தோன்றிய தேசிய மாதிரி ரயில் சங்கம் முதலில் ஈடுபட்ட பணிகளில் ஒன்று, சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் பொது அளவு வகுப்பதே.

அளவில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சென்னை நன்கு அறியும். இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்கு 1856 ஜூலை முதல் தேதி ஓடத் தொடங்கிய நமது முதல் ரயில் அகலப் பாதையில் சென்றது. பின்னர், எழும்பூரிலிருந்து தெற்கே சென்றவை மீட்டர் பாதைகள். சென்ட்ரலுக்கும் எழும்பூருக்கும் இடையே உள்ள தூரம் சிறிது. ஆனால், ஒரு பாதையின் வண்டி மற்றதில் ஓட இயலாது. மூட்டை முடிச்சுகளுடன் பயணிகள் இறங்கி மாறினார்கள். சரக்குகளையும் இறக்கி ஏற்றினார்கள். எல்லாவற்றையும் ஒரே அகலமாக்கும் பெருந்திட்டத்தை இந்திய ரயில்வே 1992-இல் மேற்கொண்டது. கடற்கரை–தாம்பரம் மீட்டர் பாதையில் 1931 முதல் ஓடிய மின்சார ரயில்கள் 2004-இல்தான் விடைபெற்றன.

ஒரு கழகம் எதுவரை வளரலாம் என்பதற்கும் சான்றுகள் உள்ளன. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து மாணவர்கள் 1946-இல் ஒரு மாதிரி ரயில் கழகம் அமைத்தார்கள். தொலைபேசி நிலையங்களில் பயன்படும் ரிலேக்களைக் கொண்டு வண்டிகளைக் கட்டுப்படுத்தினார்கள். மேசைக்கு அடியில் மின்சுற்றுகளுடன் பழகிய அதே கைகள் பின்னர் கணிப்பொறிகளை நாடின. 1962-இல் உருவான 'ஸ்பேஸ்வார்' என்ற புகழ்பெற்ற கணிப்பொறி விளையாட்டில் முக்கியப் பங்கு வகித்த ஸ்டீவ் ரஸ்ஸல் இக்கழகத்தைச் சேர்ந்தவர். நம் நாட்டிலும் புனே நகரில் ஜோஷி குடும்பத்தினர் அமைத்த சிற்றளவு ரயில் காட்சியகம் 1998 முதல் மக்களுக்குக் காட்டப்பட்டு வருகிறது.

நீங்கள் தொடங்குவதற்கு இவ்வளவு வேண்டியதில்லை. வில்லிவாக்கம் புது ஆவடி சாலையில் 2002-இல் திறக்கப்பட்ட ரயில் அருங்காட்சியகத்துக்கு ஒரு முறை சென்று வாருங்கள். பழைய எஞ்சின்களின் சக்கர விளிம்பையும் இணைப்புக் கொக்கியையும் அருகில் நின்று பாருங்கள். பிறகு, ஒரு பலகை, ஒரு மீட்டர் தண்டவாளம், ஓர் எஞ்சின் ஆகியவற்றுடன் 2 செ.மீ. கட்டையை ஒரு முனையில் வைத்துச் சோதனையைத் தொடங்குங்கள். அந்த எண்கள் கையில் கிடைத்தபின் கழகத்தின் முதல் கூட்டத்தைக் கூட்டலாம்.